இருட்டைச் சொல்லும் கதைகளும் நம் பிள்ளைகளும்

(பொன்விழா ஆண்டின் பெற்றோர் நாளன்று, மாலைத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவின் நினைவாகக் கோவில் மண்டபத்தின் மேற்கு அறையில் ஒரு வாசகசாலை திறக்க இருக்கிறோம் என்பதை அறிவீர்கள். வெள்ளை அடித்தாயிற்று, அலமாரிகளும் வந்துவிட்டன. எந்தப் புத்தகங்களை அடுக்குவது என்பதில்தான் விழாக் குழுவில் வழக்கு வந்துவிட்டது. மேசை நாற்காலி வாங்கியபோது வராத வழக்கு புத்தகம் என்றதும் வந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியே. புத்தகம் ஏதோ செய்யும் என்று இன்னும் நம்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

வழக்கு இதுதான். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே இப்போது ஆங்கிலத்தில் ஏராளமான நாவல்கள் வருகின்றன. நம் பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் அவற்றைக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் கொலை வருகிறது, தற்கொலை வருகிறது, தகப்பனின் குடி, பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் கொடுமை, பள்ளிக்கூடத்தில் நடக்கும் அடிதடி எல்லாம் வருகின்றன. அப்படிப்பட்ட கதைகள் பங்கு வாசகசாலையில் இருக்கலாமா? ஒரு சாரார், "பிள்ளை மனம் வெள்ளைத் துணி, சாமி, ஏன் கறைப்படுத்த வேண்டும்?" என்கிறார்கள். மறுசாரார், "கைபேசியில் பார்க்காததையா புத்தகத்தில் படிக்கப் போகிறார்கள்?" என்கிறார்கள். இரண்டாவது வாதத்தை நான் ஏற்கவில்லை. அடுத்த வீட்டுக் கிணற்றில் சாக்கடை கலந்துவிட்டது என்பதற்காக யாரும் தம் வீட்டுக் கிணற்றைத் திறந்துபோட்டுவிட மாட்டார்கள். முதல் வாதம் அப்படி எளிதாகத் தள்ளக்கூடியதன்று. அதைப் பற்றியே பேச வந்தேன்.

குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: "முன்பெல்லாம் ரோமாபுரியில் தடைப் பட்டியல் ஒன்று இருந்ததே, சாமி?" இருந்தது. 1559-இல் பாப்பரசர் நான்காம் பவுல் காலத்தில் தொடங்கி, 1948-இல் கடைசிப் பதிப்பு கண்டு, வத்திக்கான் சங்கம் முடிந்த மறு ஆண்டு, 1966 ஜூன் மாதத்தில், அது சட்ட வலிமை இழந்தது. அந்தப் பட்டியலில் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள்' என்ற நாவலும் 1864 முதல் 1959 வரை இருந்தது. அதை நாம் வேறு பெயரில் அறிவோம். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார்; நாகையா நடித்த படம் 1950-இல் வந்தது. திருடனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் எடுத்துக் கொடுத்து அனுப்பும் ஆயரின் கதை அதில்தான் வருகிறது. அந்த ஆயரை நானே எத்தனை பிரசங்கங்களில் இழுத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. படம் வந்த ஆண்டில் மூல நூல் பட்டியலில்தான் இருந்தது. தடை செய்தவர்கள் தீயவர்கள் என்று சொல்லவில்லை. ஒரு நூலைப் பற்றி அவசரத்தில் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்காகச் சொன்னேன்.

நிற்க. எல்லா நூல்களையும் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஒரே ஒரு நூலைப் பற்றிப் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, அமெரிக்காவில் செவிலியராக வேலை செய்யும் ஒரு சகோதரி தம் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பிவைத்தார். நான் மேலட்டையை மட்டும் பார்த்து அடுக்கினேன். ஒன்றின் பெயர் 'சாக்லேட் யுத்தம்'. பெயரைப் பார்த்து ஏதோ மிட்டாய்ச் சண்டை, சிரிப்புக் கதை என்று எண்ணிச் சிறுவர் தட்டில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து உடை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறேன். ஒரு தாய் அந்தப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார்.

"சாமி, உங்களை நம்பித்தானே பையனை அனுப்புனேன்? இதைப் பாருங்க. நம்ம கத்தோலிக்க ஸ்கூல்ல நடக்கிற கதையாம். பிரதரே பையன்களைப் படாத பாடு படுத்துறாராம். கடைசியில நல்ல பையன் அடிபட்டுக் கிடக்கிறானாம், யாரும் கேக்கலையாம். ரெண்டு நாளா இவன் சரியாச் சாப்பிடலை. இதையெல்லாம் கோவில்ல வச்சிக் கொடுக்கலாமா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பிழை என்னுடையதுதான், படிக்காமலே கொடுத்திருந்தேன். புத்தகத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அத்தோடு முடிந்தது என்றும் நினைத்தேன். பிறகு, கண்டனம் செய்யவாவது படிக்க வேண்டுமே என்று அன்றிரவு எடுத்தேன். மறுநாள் இரவு முடித்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கான கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்று. தலைமைச் சகோதரர் நோயுற்றிருக்க, துணைவராகிய லியோன் என்ற சகோதரர் பொறுப்பேற்கிறார். ஆண்டுதோறும் மாணவர்கள் சாக்லேட் விற்றுப் பள்ளிக்குப் பணம் சேர்ப்பது வழக்கம். இவர் அன்னையர் தினத்தில் விற்காமல் தேங்கிய சரக்கை மலிவாக வாங்கி, முந்திய ஆண்டைவிட இரு மடங்கு பெட்டிகளை, இரு மடங்கு விலையில், இருபதாயிரம் பெட்டிகள், தலைக்கு ஐம்பது வீதம் விற்கச் சொல்கிறார். அதற்காக மாணவர்களுக்குள் இருக்கும் ஓர் இரகசியக் கும்பலின் துணையையும் மறைமுகமாகத் தேடுகிறார். ஜெரி என்ற சிறுவன், அண்மையில் தாயை இழந்தவன், விற்க மாட்டேன் என்கிறான். முதல் பத்து நாள் அந்தக் கும்பல் சொன்னதற்காக மறுக்கிறான். பதினோராம் நாளிலிருந்து தன் சொந்த மனத்தால் மறுக்கிறான். அதிலிருந்துதான் வதை தொடங்குகிறது. நள்ளிரவில் தொலைபேசி மணி, அடி உதை, கடைசியில் விளையாட்டுத் திடலில் ஒரு குத்துச் சண்டை. எந்த இடத்தில் யார் குத்த வேண்டும் என்று பார்க்க வந்த மாணவர்கள் சீட்டு வாங்கி எழுதிக் கொடுக்கிறார்கள். அதன்படி குத்து விழுகிறது. சகோதரர் லியோன் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அடிபட்டுக் கிடக்கும் ஜெரியின் பக்கத்தில் ஒரே ஒரு நண்பன் இருக்கிறான். எதிர்த்து நில்லாதே, அவர்களோடு ஒத்துப் போய்விடு என்று ஜெரி அவனுக்குச் சொல்ல முயல்கிறான். அவ்வளவுதான் கதை. தீயவர்களுக்குத் தண்டனை கிடையாது.

நடுவில் ஒரு வகுப்பறைக் காட்சி. நன்றாகப் படிக்கும் ஒரு பையனை, நீ காப்பியடித்துத்தான் மதிப்பெண் வாங்குகிறாய் என்று லியோன் எல்லார் முன்னிலையிலும் குற்றஞ்சாட்டி வதைக்கிறார். வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது, சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், அவனை விட்டுவிடுங்கள் என்கிறது, மிகவும் தாமதமாக. உடனே அவர் திரும்பி, ஒரு குற்றமும் செய்யாத இவனை நான் வதைத்தபோது நீங்களெல்லாம் ஏன் வாய்மூடி இருந்தீர்கள் என்று வகுப்பையே குற்றவாளியாக்குகிறார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதை எழுதியவர் திருச்சபையின் பகைவரோ என்று ஐயுற்று விசாரித்தேன். இராபர்ட் கார்மியர் என்பது பெயர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லெமின்ஸ்டர் என்ற ஊரில் 1925-இல் பிறந்தவர், பங்குப் பள்ளியில் கன்னியரிடம் படித்தவர், செய்தித்தாள்களில் வேலை பார்த்தவர், கடைசிவரை கத்தோலிக்கர். அவருடைய மகன் படித்த கத்தோலிக்கப் பள்ளியில் ஒரு முறை சாக்லேட் விற்கச் சொன்னார்கள். மகனுக்கு விருப்பமில்லை. குடும்பமாக அமர்ந்து பேசி, விற்பதில்லை என்று முடிவு செய்து, தகப்பன் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். பள்ளி ஏற்றுக்கொண்டது, மகனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் தகப்பன் மனம் அங்கேயே நின்றுவிட்டது: ஒருவேளை நேர்ந்திருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து 1974-இல் நாவல் வந்தது. சில பதிப்பகத்தார் முடிவை மாற்றினால் வெளியிடுவோம் என்றார்கள், அவர் இசையவில்லை. அன்று தொட்டு அமெரிக்காவில் பெற்றோர் பலர் அதை நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி முறையிட்டிருக்கிறார்கள். 2004-இல் அந்நாட்டு நூலகர் சங்கம் வெளியிட்ட பட்டியலில் எதிர்ப்பு அதிகம் வந்த நூல் இதுவே. ஆகவே அந்தத் தாய் தனியாள் அல்லர்.

இவ்வளவு துன்பம் பிள்ளைகளுக்குத் தகுமா என்று கேட்டால், நாம் என்ன கொடுத்து வளர்த்தோம் என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய வெள்ளியை ஒட்டிப் பாஸ்கா நாடகம் போடும் ஊர்களில் கைக்குழந்தை முதல் எல்லாப் பிள்ளைகளும் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். சாட்டையடி, முள்முடி, யூதாஸ் தூக்குப்போட்டுக்கொள்வது ஒன்றையும் மறைப்பதில்லை. ஞானசௌந்தரி நாடகத்தை நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்வார்கள். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் ஒரு பெண்ணின் இரு கைகளும் வெட்டப்படும் கதை அது. நான் படித்த சிறு குருமடத்தில் சாப்பாட்டு நேரத்தில் மௌனம். ஒருவர் மேடையில் நின்று புனிதர் சரித்திரம் வாசிப்பார். ஆகஸ்டு 10-ஆம் தேதி புனித லவுரேஞ்சியாரை இரும்புக் கட்டிலில் வைத்துச் சுடுவார்கள். 24-ஆம் தேதி புனித பார்த்தலோமேயுவின் தோலை உரிப்பார்கள். நாங்கள் சாம்பார் ஊற்றிக்கொள்வோம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்கள். யாருடைய மனமும் கெட்டதாக நினைவில்லை. யாரும் சாப்பாட்டைக் குறைத்ததாகவும் நினைவில்லை.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: அவற்றிலெல்லாம் முடிவு நல்லதாயிற்றே, சாமி? மெய்தான். ஞானசௌந்தரிக்குத் தேவதாயின் அருளால் கைகள் திரும்பி வருகின்றன. மூன்றாம் நாள் கல்லறை திறக்கிறது. இந்த அமெரிக்கப் புத்தகத்தில் மூன்றாம் நாள் இல்லை. இதுதான் நான் நெடுநாள் யோசித்த இடம். எனக்கு விடை கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவில். குருக்களாகிய நாங்கள் நாள்தோறும் சொல்லும் கட்டளைச் செபத்தில், வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு வைத்திருப்பது 88-ஆம் சங்கீதம். மற்றச் சங்கீதங்கள் அழுது தொடங்கினாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது. தொடக்கத்தில் ஆண்டவரை அழைப்பதோடு சரி. நண்பர்கள் அகன்றார்கள் என்று புலம்பி, இருளிலேயே முடிந்துவிடும். திருச்சபை அதற்குக் கீழே ஆறுதலாக நாலு வரி சேர்த்து ஒட்டவில்லை. ஒவ்வொரு வாரமும் அப்படியே சொல்லச் சொல்கிறது. அந்த நிலையில் இருக்கும் மனிதன் ஒருவன் எங்கோ இருக்கிறான், அவனுக்கும் செபம் வேண்டும் என்பதால்தான் என்று நான் எண்ணுகிறேன்.

சாமுவேலின் இரண்டாம் ஆகமம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தாவீதின் மகள் தாமாரை அவள் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன் அம்னோன் ஏமாற்றி வரவழைத்துக் கெடுக்கிறான். தகப்பனாகிய அரசன் கேள்விப்பட்டான், மிகவும் கோபங்கொண்டான். மகனைத் தண்டித்ததாக ஒரு சொல்லும் இல்லை. இந்த அதிகாரத்தை நாம் மறைக்கல்வியில் நடத்துவதில்லை. ஏன் நடத்துவதில்லை? பிள்ளைகளுக்காகவா, கோபங்கொண்டு சும்மா இருந்துவிடும் தகப்பன்மாராகிய நமக்காகவா?

இனி, அன்றிரவு நான் எழுந்து தண்ணீர் குடித்த காரணம்.

குருமடத்தில் எங்களோடு ஒரு பையன் இருந்தான். சிறிய உருவம், கொஞ்சம் திக்குவாய். மேல்வகுப்பார் சிலர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் வாளி தூக்க வைத்தார்கள், துணி துவைக்க வைத்தார்கள். பிறகு விளக்கணைந்த பின் படுக்கையறையில் நடந்ததை இந்தப் பீடத்தின் அருகில் நின்று விவரிக்க மாட்டேன். என் கட்டில் அவன் கட்டிலுக்கு மூன்றாவது. நான் அவனை ஒரு நாளும் அடித்ததில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அறையில் முப்பது பேர் இருந்தோம். முப்பது பேரும் தூங்கிவிட்டோம் என்றுதான் காலையில் முகத்தை வைத்துக்கொள்வோம். அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு நாள் அவன் பெட்டியோடு போய்விட்டான். மேலாளர்கள் அறிந்தார்களோ இல்லையோ, எங்களுக்குள் நாங்கள் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டோம்: "அவனுக்குத் தேவ அழைத்தல் இல்லை."

இந்த வாக்கியத்தை நான் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் நம்பியிருந்தேன். லவுரேஞ்சியாரின் இரும்புக் கட்டிலை உணவறையில் உரக்கப் படித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் படுக்கையறையைப் பற்றிப் படிக்க ஒரு புத்தகம் எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் எழுந்து விளக்கைப் போட்டிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நடப்பதற்கு ஒரு பெயராவது தெரிந்திருக்கும்.

நாவலைப் படித்து முடித்தபின் அவரைத் தேடிப் போனேன். ஒரு சிறு பட்டணத்தில் கடை வைத்திருக்கிறார். அன்று பெயர் சொல்லி அழைத்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சாமி" என்றார். தேநீர் வரவழைத்தார். நான் வந்த காரணத்தைச் சொல்ல முயன்றேன், எனக்குத்தான் திக்கியது. "அதெல்லாம் எப்பவோ, சாமி" என்றார். கிளம்பும்போது கடைவாசல்வரை வந்து, வேறு எதையோ பேசுவதுபோல், "என் பையனை மட்டும் நான் விடுதியில சேர்க்கலை" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இப்போது அந்தத் தாயின் மகனிடம் வருகிறேன். தாயின் சம்மதத்தோடும் அவன் சம்மதத்தோடும் இவ்வளவு மட்டும் சொல்கிறேன். ஒரு மாலை அவனே வந்தான். புத்தகம் திரும்பக் கேட்க வந்தானோ என்று நினைத்தேன். "சாமி, அந்தப் பையன் செத்துட்டானா?" என்று கேட்டான். இல்லை, 1985-இல் அதே ஆசிரியர் தொடர்ச்சி எழுதினார், அதில் ஜெரி திரும்பி வருகிறான் என்றேன். "அப்ப சரி" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்தது, உபதேசியார் திண்ணையில் இருந்தார். அரை மணி நேரம் கழித்து, தன் பள்ளியில் தன் நண்பன் ஒருவனுக்கு நடப்பதைச் சொன்னான். அவன் சாப்பிடாமலிருந்தது அந்தப் புத்தகத்தால் அல்ல. புத்தகத்துக்கு முன்பே தெரிந்திருந்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல். அதன்பின் செய்ய வேண்டியதைப் பெரியவர்கள் செய்தோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க நம் நாட்டில் 2012-இல் வந்த சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெடும், சபையின் பெயர் கெடும் என்ற சமாதானத்துக்கு அதில் இடமில்லை. அதைச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாவல் பிறந்த லெமின்ஸ்டருக்கும் பாஸ்டன் நகரத்துக்கும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 2002 ஜனவரியில் பாஸ்டன் நாளிதழ் ஒன்று, குருக்கள் சிலர் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமைகளையும், மேலிடம் அவர்களை ஊர் மாற்றி மாற்றி அனுப்பி மறைத்ததையும் வெளியிட்டது. கார்மியர் அதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே, 2000 நவம்பர் 2-ஆம் தேதி, சகல ஆத்துமாக்கள் திருநாளில் இறந்துவிட்டார். அவர் எழுதியது அந்தக் குற்றத்தைப் பற்றியன்று. ஆயினும், அங்கி அணிந்த ஒருவர் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பங்கு விசுவாசி எழுதி வைத்திருந்தார். புத்தகத்தை எடுத்துவிடுங்கள் என்றுதான் பெரியவர்கள் பலர் சொன்னார்கள்.

இப்படிச் சொல்வதால் இருட்டான எந்தக் கதையும் எந்தப் பிள்ளைக்கும் ஆகும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2007-இல் வெளியான ஜே ஆஷர் என்பவரின் நாவல் ஒன்றில், உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு பெண், அதற்குக் காரணமென்று தான் எண்ணியவர்களுக்கு ஒலிநாடாக்கள் பதிந்து அனுப்பி வைக்கிறாள். அது 2017-இல் தொடர் படமாக வந்தது. சாவைக் காட்டிய காட்சியைப் பலத்த எதிர்ப்புக்குப் பின் 2019-இல் நிறுவனமே நீக்கிவிட்டது. நாவலில் நல்ல எண்ணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இறந்தபின்னும் பேசலாம், எல்லாரும் அப்போது கேட்பார்கள் என்ற எண்ணத்தை அது தருகிறது. மனம் உடைந்திருக்கும் பதினைந்து வயதுக்கு அது பொய்யான ஆறுதல். அதை நம் வாசகசாலையில் வைக்கப்போவதில்லை. உங்கள் பிள்ளை வேறெங்கிருந்தாவது கொண்டுவந்து படித்தால் பிடுங்காதீர்கள். நீங்களும் படியுங்கள், அல்லது அதைப் படித்த ஒருவரோடு உட்கார வையுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் 'சாக்லேட் யுத்தம்' கொடுக்கவும் மாட்டேன். வயதைவிடப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு மடல் எழுதினார். முதலில் குருத்துவப் பயிற்சிக்காக எழுத எண்ணி, பிறகு எல்லாக் கிறிஸ்தவர்களுக்குமாக விரித்தார். அதில் தம் இளமை அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். 1964, 65-இல் அர்ஜென்டினாவில் சேசு சபைப் பள்ளியில் இலக்கியம் நடத்தியபோது, பாடத்திட்டத்தில் இருந்த பழங்காவியத்தை விட்டுவிட்டுத் தற்காலக் கவிஞர்களைப் படிக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்களாம். காவியத்தை வீட்டில் படியுங்கள், வகுப்பில் நீங்கள் விரும்புகிறவர்களைப் பேசுவோம் என்று இசைந்தாராம். இதில் நான் கற்றுக்கொண்டது 'வகுப்பில்' என்ற சொல். பிள்ளைகள் விரும்பியதைத் தனியே படிக்க விட்டுவிட்டு, கடினமானதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் விரும்பியதைத்தான் கூட உட்கார்ந்து படித்தார்.

கார்மியர் இன்னும் ஒன்று செய்தார். 1977-இல் வெளியான இன்னொரு நாவலில் ஒரு சிறுமியின் தொலைபேசி எண் வருகிறது. அவர் தம் சொந்த வீட்டு எண்ணையே அங்கே எழுதிவிட்டார். படித்த பிள்ளைகள் எண்ணைச் சுழற்றிப் பார்த்தார்கள்; மறுமுனையில் ஆசிரியரே பேசினார். ஆண்டுக்கணக்காக அழைப்புகள் வந்தன. அவரும் பேசிக்கொண்டே இருந்தார். இருட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை அந்த மனிதர்.

ஆகவே விழாக் குழுவினரோடு பேசி இப்படிச் செய்திருக்கிறோம். பெரிய பிள்ளைகளுக்கான கதைகள் தனி அலமாரி. அதில் வைக்கும் ஒவ்வொரு நூலையும் பெரியவர் ஒருவராவது முழுக்கப் படித்திருக்க வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்கள் நால்வரும் தாய்மார் மூவரும் முன்வந்திருக்கிறார்கள், தகப்பன்மார் எவரும் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை செபமாலைக்குப் பின் வாசகசாலை திறந்திருக்கும். சகோதரி ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் அங்கே இருப்பார்கள். 'சாக்லேட் யுத்தம்' மூன்றாம் தட்டில் இருக்கிறது. முன்பு இழுப்பறையில் பூட்டி வைத்திருந்த அதே பிரதி. அந்தத் தாய்தான் பழைய காலண்டர் தாளில் அதற்கு அட்டை போட்டுக் கொடுத்தார்.

ஒவ்வொரு நூலின் பின்னட்டைக்குள்ளும் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறோம். பங்கு இல்லத்துத் தொலைபேசி எண் அதில் இருக்கிறது. பிள்ளை சொல்ல வருவது ஒரு குருவைப் பற்றியதாகவே இருக்கலாம். ஆகவே கன்னியர் மடத்து எண்ணும், குழந்தைகளுக்கான 1098-ம் அதன் கீழே உள்ளன. போன செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல் பங்கு இல்லத்தில் மணி அடித்தது. எடுத்து, "யாரு?" என்றேன். மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள். தவறான எண்ணாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து தொலைபேசியை அலுவலறையிலிருந்து என் படுக்கையறைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.